எட்டு ஆண்டு ஸ்க்ரம்: ஏழு பேர் அலுவலகத்தில் எது நிலைத்தது, எது கழன்றது

திருப்பூரில் ஏழு பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. பனியன் கம்பெனிகளின் ஆர்டர், ஜாப் ஒர்க், பில் ஆகியவற்றைக் கவனிக்கும் ஒரு வெப் அப்ளிகேஷன்தான் எங்கள் பிழைப்பு. பைத்தான் மொழியின் ஜாங்கோ என்ற கட்டமைப்பில் எழுதியது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது பில் பகுதி முழுவதையும் கலைத்துவிட்டு மறுபடி எழுதினோம். அந்த ஆறு மாதம் பட்ட பாட்டில், இனி ஏதாவது ஓர் ஒழுங்கு வேண்டும் என்று 2018 தொடக்கத்தில் ஸ்க்ரம் முறைக்கு மாறினோம்; வேலையைச் சிறு தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முடித்துக் காட்டும் முறை அது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் (ஒரு தவணை வேலை), தினமும் காலையில் நின்றபடி ஒரு கூட்டம், வேலையின் அளவை மதிப்பிடப் புள்ளி, முடிவில் செய்ததை வாடிக்கையாளருக்குக் காட்டும் டெமோ, அதன்பின் எது சரி, எது தவறு என்று குழு திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ. ஒன்றைக்கூட விடாமல் செய்தோம்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதியது அஜைல் அறிக்கை; ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுக் கொள்கை அது. அதன் முதல் கொள்கையே, நடைமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களுக்குள் நடக்கும் பேச்சும் மேல் என்பதுதான். அதைப் படித்துவிட்டு நாங்கள் செய்த முதல் காரியம், மாதச் சந்தா கட்டி, வேலைகளைப் பட்டியலிடும் ஒரு மென்பொருள் கருவியை வாங்கியது.

காலைக் கூட்டத்தைச் சொல்கிறேன். 15 நிமிடம், நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், தடை என்ன என்று மூன்று கேள்விகள். மூன்றே மாதத்தில் அது வருகைப்பதிவேடு ஆகிவிட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். பக்கத்தில் நிற்பவன் சொல்வது யார் காதிலும் விழவில்லை. பிறகு ஆளை விட்டுவிட்டுப் பலகையைக் கேட்கத் தொடங்கினோம். அதில் ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை; முடிய முடிய வலது பக்கம் நகரும். வலது ஓரத்தில் முடியும் நிலையில் நிற்கும் அட்டை எது, அதை இன்று வெளியே தள்ள என்ன வேண்டும் என்று வலமிருந்து இடமாகப் பார்த்து வருவோம். பெரும்பாலும் ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 2020-இல் வந்த ஸ்க்ரம் வழிகாட்டியிலும் அந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டார்கள் என்று பார்த்தபோது கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

புள்ளி விவகாரம் எங்களுக்கு ஒத்துவரவே இல்லை. 1, 2, 3, 5, 8, 13 என்று அட்டை வைத்துச் சீட்டாட்டம் போல மதிப்பிடுவோம். ஒரு ஸ்பிரின்டுக்கு முப்பது புள்ளி செய்துகொண்டிருந்தவர்கள் ஓராண்டில் ஐம்பதைத் தாண்டினோம். வேலை அதே அளவுதான். நேற்று 3 வாங்கிய திருத்தம் இன்று 5 வாங்கியது. எண் ஏற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அவர்கள் ஏற்றித் தந்தார்கள். தப்பு என்னுடையது. 2020-இல் புள்ளியை விட்டோம். இப்போது கேட்பது ஒன்றுதான்: இதை இரண்டு நாளில் முடிக்க முடியுமா? முடியாது என்றால் வேலையை இன்னும் சிறிதாக வெட்டு.

ஸ்பிரின்ட் தொடங்கிவிட்டால் நடுவில் வேலை நுழையக்கூடாது என்பார்கள். எங்கள் ஊரில் அது நடக்காது. மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரக் கணக்கு), 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் கணக்கு) தாக்கல். அந்த இரண்டு தேதிக்கும் முந்தைய இரண்டு மூன்று நாள், வாடிக்கையாளரின் கணக்குப்பிள்ளை முதல் ஆடிட்டர் அலுவலகப் பையன் வரை எல்லோரும் அழைப்பார்கள். இரண்டாண்டு முரண்டு பிடித்துவிட்டு, 8 முதல் 11 வரையும் 18 முதல் 20 வரையும் புதிதாக எதையும் ஏற்றுவதில்லை, இரண்டு பேர் போனுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒருவர் கையில் ஓர் அட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்று, கான்பன் என்ற இன்னொரு முறையின் கட்டுப்பாட்டையும் சேர்த்தோம். இதை எங்களைவிட வேகமாகப் புரிந்துகொண்டவர் ஒரு வாடிக்கையாளரின் கட்டிங் மாஸ்டர். அலுவலகத்துக்கு வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு, "கட்டிங் போட்டுக் குவித்துக்கொண்டே இருந்தால் பவர் டேபிளில் பீஸ் தேங்கத்தானே செய்யும், தம்பி?" என்றார். பவர் டேபிள் என்றால் தையல் மெஷின் வரிசை.

இந்த எட்டு ஆண்டில் எங்களுக்குச் சோறு போட்டது டெமோதான். அதையும் முதல் ஒன்றரை ஆண்டு தவறான இடத்தில் நடத்தினோம். வாடிக்கையாளர் கம்பெனி முதலாளியின் ஏசி அறையில் மடிக்கணினியைத் திறப்போம், அவர் தலையாட்டுவார், காபி வரும், திரும்பிவிடுவோம். 2019-இல் ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஊரில் இல்லை. வந்ததற்கு யாரிடமாவது காட்டலாம் என்று குடோனுக்குப் போனோம். அங்கே டெலிவரி சலான் பதியும் அக்கா எங்கள் திரையில் வேலை செய்வதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். இடது கையில் சலான் புத்தகம், வலது கையால் மட்டும் தட்டச்சு. நாங்கள் பெருமையாக வைத்திருந்த கீபோர்டு குறுக்குவிசைகள் எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும்.

அது பரவாயில்லை. சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணியும் திரும்பி வந்த துணியும் ஒரே எடையாக அவர் பதிந்துகொண்டிருந்தார். ஏன் அக்கா என்று கேட்டேன். "குறைத்துப் போட்டால் சிவப்பாக ஏதோ வருகிறது தம்பி, உள்ளேயே போக விடமாட்டேன் என்கிறது" என்றார். சாயம் போட்டு வரும் துணியில் எடை குறைவது திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அனுப்பியதைவிடக் குறைவாக வந்தால் பிழை என்று எழுதி வைத்திருந்தது நாங்கள்தான். பல மாதக் கணக்கில் நஷ்டம் சுழியம் என்று பதிவாகியிருந்தது, முதலாளி அந்த அறிக்கைக்கும் தலையாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து டெமோ குடோனில்தான்.

மாற்றத்துக்கு இடம்கொடு என்று சொல்வதன் பொருள் புரிந்தது 2021 கடைசியில். ஜவுளிக்கு 5 சதவீத வரி, 2022 ஜனவரி 1 முதல் 12 சதவீதம் என்று நவம்பரில் அறிவிப்பு வந்தது. டிசம்பர் முழுக்க அதே வேலை. வரி விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளிருந்து பிடுங்கி, அமலாகும் தேதியோடு ஓர் அட்டவணையில் போட்டோம். டிசம்பர் 31 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி ஜவுளி வரி உயர்வைத் தள்ளிவைத்தது. ஆண்டின் கடைசி நாளில்! பழைய முறையில் இருந்திருந்தால் இரவெல்லாம் உட்கார்ந்து திருப்பி எழுதியிருப்போம். அட்டவணையில் ஒரு வரிசையை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இதற்கு ஸ்க்ரமைப் பாராட்டுவது சரியில்லை. ஒரு வரிசையை நீக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தது, பில் பகுதி சரியாக நடக்கிறதா என்று தானாகவே பார்க்கும் தானியங்கிச் சோதனைகளை எழுதி வைத்திருந்ததால். அது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற வேறொரு அஜைல் முறை ஆட்களின் சரக்கு. கூட்டம், பலகை, அட்டை எல்லாம் வைத்துக்கொண்டு சோதனை இல்லாமல் இரண்டு வாரத்துக்கொருமுறை வெளியிட்டால், இரண்டு வாரத்துக்கொருமுறை அடி வாங்குவோம். முதல் ஆண்டு வாங்கினோம்.

ரொம்பவும் மார்தட்டவும் முடியாது. 2025 செப்டம்பர் 3 அன்று மறுபடி மாற்றம் அறிவித்தார்கள். 22-ஆம் தேதி முதல் 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆடைக்கு 5, அதற்கு மேல் 18. விகிதம் அட்டவணையில் இருந்தது; ஆனால் 1,000 ரூபாய் என்ற பழைய வரம்பை ஓர் இடத்தில் நேரடியாக எண்ணாகவே எழுதி வைத்திருந்தோம். சோதனை அதைப் பிடித்தது.

ரெட்ரோவில் நான் உட்கார்ந்தால் யாரும் வாய் திறப்பதில்லை என்பதால் நான் போவதில்லை. முடிவை மட்டும் சொல்வார்கள். சில சமயம் அதுவும் இல்லை.

ஒரே இடத்தில் இந்த முறை எங்களை முழுதாகக் கைவிட்டது: மொத்த விலை பேசி எடுத்த வேலை. ஓர் ஏற்றுமதியாளருக்குத் தனியாகச் செய்து தர ஒப்புக்கொண்டோம். ஒவ்வொரு டெமோவிலும் புதிதாக ஒன்று கேட்டார், மாற்றத்தை வரவேற்க வேண்டும் என்று நாங்களும் வரவேற்றுக்கொண்டே இருந்தோம். நான்கு மாத வேலை பதினோரு மாதம் ஆனது, ரூபாய் அதேதான். அவர்மீது குறையில்லை, காட்டினால் கேட்கத்தான் செய்வார்கள். இப்போது மாதக் கட்டணம், மாதத்துக்கு இத்தனை ஆள்-நாள் (ஒருவரின் ஒரு நாள் வேலை) என்றுதான் ஒப்பந்தம். அதற்கு ஒப்பாதவர்களுக்கு வேறு நிறுவனத்தின் எண்ணைத் தந்து அனுப்பிவிடுகிறோம்.

சந்தா கட்டிய கருவியை 2021-இல் நிறுத்தினோம். பலகை சுவரில் இருக்கிறது. புள்ளி அட்டைகளை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.