வழி தெரிந்தவன் வந்துபோகும் வீடு: பூட்டா, கேமராவா, லாக்கரா, புகாரா?

கடலோரக் கிராமத்தில் தனியாக இருக்கும் தாயின் வீட்டில் பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கினால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் முதலில் செய்வது இருப்பதிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிவருவதுதான். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே இருக்கும் எங்கள் வீட்டுக்கு நானும் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். பூட்டு, கம்பிக் கதவு, சுற்றுச்சுவர் மேல் பதித்த கண்ணாடிச் சில்லு, நாய் ஆகிய எல்லாமே வீட்டைப் பற்றி எதுவும் அறியாத அந்நியனை எண்ணிச் செய்யப்பட்டவை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நாங்கள் சந்தேகப்பட்டது அம்மாவின் தம்பி மகனை. சாவி எந்த ஆணியில் தொங்கும், அம்மா எந்தக் கிழமை மருந்து வாங்க இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறுவார், அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்த பணம் இருக்குமா இருக்காதா என்பதெல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாய் அவனைக் கண்டால் வாலாட்டும்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளை வைத்து எடைபோடுகிறேன். வீட்டின் உள்விவரம் அறிந்தவனை அது தடுக்குமா என்பது ஒன்று. முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராத ஒருவனிடம், அவருக்குப் பதிலாக அது ‘இல்லை’ என்று சொல்லுமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னால், பொருள் உண்மையிலேயே களவு போகிறதா, வைத்த இடம் மறந்துபோகிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர் வீட்டில் இரண்டும் நடக்கும். காணாமல் போனதாக நாங்கள் எழுதிய பட்டியலில் இருந்த குத்துவிளக்கு, தெருக்கோடி வீட்டுச் சடங்குக்கு அம்மாவே இரவல் கொடுத்ததாகப் பின்னால் தெரிந்தது. ஆனால் கொல்லைக் கதவின் பழைய பித்தளைப் பூட்டு வேறு கதை சொன்னது. உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்த அந்தப் பூட்டின் சாவித் துளையைச் சுற்றி மட்டும் களிம்பு உரசப்பட்டு, புதுப் பித்தளை போல மஞ்சளாக மின்னியது. அம்மா அந்தப் பூட்டைத் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பழைய பூட்டை மாற்றுவதா, கூடுதலாக ஒன்று போடுவதா?

பூட்டுக் கடையில் கூடுதல் பூட்டைத்தான் பரிந்துரைப்பார்கள். உறவுக்காரன் விஷயத்தில் மாற்றுவதே சரி. பழைய சாவிக்கு எத்தனை நகல் இருக்கிறது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திருவிழாவுக்கு வந்தவர், வெள்ளையடிக்க வந்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்று சாவி பல கை மாறியிருக்கும். கதவோடு பதித்த பூட்டாக இருந்தால் முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை, பல வகைகளில் உள்ளிருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் பழைய சாவிகள் எல்லாம் ஒரே நாளில் செல்லாதவை ஆகிவிடும். தொங்கு பூட்டு என்றால், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு நம் பக்கத்தில் இன்றும் மதிப்புக் குறையவில்லை. கையால் செய்யப்படும் அதன் லீவர் அமைப்பை, அதாவது சாவி தூக்கிவிடும் உள் தகடுகளை, ஆணியையோ கம்பியையோ விட்டுத் திறப்பது எளிதன்று. ஆயினும் அசல் சாவி ஒரு மணி நேரம் ஒருவன் கையில் இருந்துவிட்டால் எந்தப் பூட்டும் தோற்றுப்போகும். எனவே உண்மையில் காக்க வேண்டியது சாவியைத்தான். நாள்காட்டிக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பிடுங்கியது நான் வாங்கிய பெரிய பூட்டைவிட அதிகம் உதவியது.

இந்தக் கரைக்கே உரிய இரண்டு சங்கதிகளையும் சொல்ல வேண்டும். முலாம் பூசிய இரும்பு வளையம் உப்புக்காற்றில் சீக்கிரமே புள்ளி புள்ளியாக அரித்துவிடும்; பித்தளை உடலும் துருப்பிடிக்காத எஃகு வளையமும் உள்ளதை வாங்க வேண்டும், எஃகில் 304ஐவிட 316 என்ற தரம் கடலோரத்தில் அதிக நாள் உழைக்கும். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும், ஏனெனில் எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டு லீவர்கள் இறுகிவிடும். பென்சில் கரித்தூளே போதும், கிராஃபைட் தூள் என்று கடையில் விற்பதும் அதுதான். இவ்வளவும் செய்த பிறகும், பூட்டு மாட்டும் கொண்டி நான்கு திருகாணிகளில் நின்றால் பயனில்லை. வந்தவன் திருப்புளியால் அதைக் கழற்றிவிட்டுப் போகும்போது பழையபடி முடுக்கிவிட்டுப் போகலாம், அடையாளமே இருக்காது. கதவைத் துளைத்துச் செல்லும் போல்ட்டை இட்டு, மரையை உட்பக்கம் முடுக்க வேண்டும். அடுப்படிக்கு ஓட்டுக் கூரை இருந்தால் அதற்கு அடியில் கம்பி வலை அடிக்காதவரை முன்கதவுக்குச் செலவிடுவது வீண்.

முதல் கேள்விக்குப் பூட்டு பாதி விடை தருகிறது. இரண்டாவது கேள்விக்கு அது தனியாக விடை தராது, ஏனெனில் அவன் வந்து “அத்தை, சாவியைக் குடுங்க, மோட்டார் போட்டு வாரேன்” என்று கேட்டால் அம்மா கொடுத்துவிடுவார். கொல்லை அறையின் சாவியை நானே என்னோடு எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் அந்தப் பூட்டு மறுக்கத் தொடங்கியது.

கேமரா தடுக்காது, சொல்லும்

கேமராவைக் காவல்காரன் என்று எண்ணி வாங்குபவர் ஏமாறுவார். சாட்சி என்று எண்ணி வாங்கினால் கொடுத்த பணம் வீணாகாது. வைஃபையில் இயங்குவதா, சிம் அட்டையில் இயங்குவதா என்ற போட்டியில், அம்மா வீட்டில் இணைய இணைப்பு இல்லாவிட்டால் சிம் வகைதான் ஒரே வழி. இணைப்பு இருந்தாலும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களின் கனத்தில் வைஃபை கொல்லைப்புறம்வரை போய்ச் சேராது. வெளியே வைப்பதற்குத் தூசியும் நீரும் புகாமல் காக்கும் ஐபி66 அல்லது அதற்கு மேற்பட்ட காப்புத் தரம் இருக்க வேண்டும், தாங்கியும் திருகாணியும்கூடத் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் நல்லது. காற்றில் ஆடும் பனை மட்டையும் தெருநாயும் அசைவு எச்சரிக்கையை ஓயாமல் எழுப்பும், ஒரு வாரத்தில் நாம் அதை அணைத்துவிடுவோம், பிறகு கேமரா இருந்தும் இல்லாததுதான். பார்க்கும் பரப்பை வாசற்படி அளவுக்குச் சுருக்கி வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

உறவுக்காரன் என்பதால் வரும் சிக்கல்கள் வேறு. மின் இணைப்பின் முதன்மைச் சுவிட்ச் நம் வீடுகளில் பெரும்பாலும் திண்ணைச் சுவரில் இருக்கும். அவன் அதை இறக்கிவிட்டு உள்ளே வருவான். ஆகவே கேமராவுக்குத் தனி மின்கலமோ இன்வெர்ட்டர் இணைப்போ வேண்டும். பதிவு, கேமராவுக்குள் இருக்கும் அட்டையில் மட்டும் இருந்தால் கேமராவோடு அதுவும் போய்விடும் என்பதால் வெளியிலும் சேமிக்கும் வசதி அவசியம். போலிக் கேமரா அந்நியனை ஏமாற்றக்கூடும். அதை மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனை ஏமாற்றாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவன் வாசலில் நுழையும் காட்சி எதையும் நிரூபிக்காது. “அத்தைதான் குடத்தை எடுத்துவரச் சொன்னாங்க” என்று அவன் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. பீரோ இருக்கும் அறையின் உட்பக்கத்தைப் பார்க்கும் கேமராவே பயன்படும். அம்மா உறங்கும் அறையும் அதுவேயானால் அவருடைய சம்மதமின்றி வைப்பது முறையாகாது. எங்கள் வீட்டில் பீரோவைத்தான் கூடத்துக்கு நகர்த்தினோம்.

பீரோவா, லாக்கரா?

இந்த ஒப்பீட்டில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. எடுக்க எதுவும் இல்லாத வீட்டில் உள்விவரம் தெரிந்து என்ன பயன்? நகை வங்கி லாக்கருக்குப் போனதும் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்துவிடுகிறது. அவன் கைமாற்றாகக் கேட்டாலும் அம்மா தன்னிடம் இல்லாததைக் கொடுக்க முடியாது. லாக்கரை ‘இருவரில் ஒருவர்’ திறக்கலாம் என்று வைப்பதா, ‘இருவரும் சேர்ந்து’ என்று வைப்பதா என்பதை மட்டும் யோசிக்க வேண்டும். வற்புறுத்தலுக்கு இணங்கிவிடும் தாய் என்றால் இருவரும் சேர்ந்து திறப்பதே பாதுகாப்பு. அவசரத்துக்கு அது இடைஞ்சல்தான் என்றாலும் அந்த இடைஞ்சலைத்தான் நாம் விரும்பி வாங்குகிறோம்.

லாக்கருக்கும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, களவு, கட்டடம் இடிதல், ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு. வெள்ளம், நிலநடுக்கம், மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அது பொறுப்பாகாது. புயல் வரும் கரையில் இருப்பவர் இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. கடலை ஒட்டிய கிளையைவிட உள்நகரக் கிளையில் லாக்கர் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். வாடகை மூன்று ஆண்டு தொடர்ந்து நின்றுபோனால், உரிய அறிவிப்புக்குப் பிறகு லாக்கரை உடைக்க வங்கிக்கு உரிமை உண்டு.

ரொக்கத்துக்கும் இதே கணக்குத்தான். மாதம் முழுவதற்கும் ஒரே தடவையாக எடுத்து அரிசிப் பானையில் வைப்பதைவிட, அஞ்சல்துறை வங்கி மூலம் அஞ்சல்காரரிடமே கைரேகை வைத்துச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளலாம். பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், ஆனால் அசலை யாரேனும் அடகு வைக்கக்கூடும் என்பதால் அதையும் லாக்கரில் சேர்த்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது நல்லது.

துணைக்கு ஆள் வைப்பது, பாதி வீட்டை வாடகைக்கு விடுவது, அம்மாவை நகரத்துக்கு அழைத்துக்கொள்வது ஆகியவற்றில் வாடகைக்கு விடுவதே என் தெரிவு. வீடு ஒருபோதும் காலியாக இருக்காது, அம்மாவும் தன் ஊரைவிட்டுப் பெயர வேண்டியதில்லை. நகரத்துக்கு வந்துவிட்டால், பூட்டிக் கிடக்கும் வீட்டை அவன் கையில் கொடுத்ததாகிவிடும்.

ஊர்ப் பெரியவரா, காவல் நிலையமா?

பெரியவர்களை வைத்துப் பேசுவது செலவில்லாதது, உறவு அறுந்துபோகாமல் முடியவும் வாய்ப்புண்டு. ஆனால் கையில் சான்று இல்லாமல் பேசினால் பழி நம் மேல் திரும்பும். அம்மா தன் தம்பி வீட்டுக்கு ஒரு நல்லது கெட்டதுக்குப் போக முடியாமல் ஆகிவிடும். பெயரைச் சொல்லாமல், ‘வீட்டில் பொருள் போகிறது, பூட்டு மாற்றியிருக்கிறோம், கேமரா வைத்திருக்கிறோம்’ என்று அவன் தந்தையிடம் சொல்லிவைப்பது இடைவழி. மாமாவிடம் நான் செய்தது அதைத்தான்.

காவல் நிலையத்திலும் அதேபோல ஆளைக் குறிக்காமல் நிகழ்வை மட்டும் எழுதிக் கொடுத்து, மனு ஏற்புச் சான்றான சிஎஸ்ஆர் ரசீதைப் பெறலாம். சொந்தக்காரன் எடுத்தால் அது திருட்டாகாது என்று ஊரில் சொல்லப்படுவது சட்டமன்று. குடியிருக்கும் வீட்டில் திருடுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவின்கீழ் ஏழு ஆண்டுவரை தண்டனைக்குரியது. அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறந்தாலே அது 330ஆம் பிரிவின்படி கன்னமிடுதல், அதற்கு உடைத்திருக்க வேண்டியதில்லை என்பதால் கள்ளச்சாவியும் அதில் அடங்கும். வெளியூரிலிருப்பவர் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் அதன் பிறகு நீதித்துறை நடுவருக்கும் போக வழியுண்டு. கேமராப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அசல் பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வீடு பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தாக இருந்து, நுழைந்தவனுக்கும் அதில் பங்கு இருந்தால், இது உரிமையியல் விவகாரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

கோட்டாட்சியரிடம் போகலாம் என்று பலர் சொன்னார்கள். மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் விசாரிப்பது முதன்மையாகப் பராமரிப்பு, எழுதிக்கொடுத்த சொத்தை ரத்துசெய்தல் ஆகியவற்றைத்தான். அந்தச் சட்டத்தில் ‘உறவினர்’ என்பது பிள்ளையில்லாத முதியவரின் வாரிசை மட்டுமே குறிக்கும். அம்மாவின் தம்பி மகன் அந்த வரையறைக்குள் வரமாட்டான். எங்கே போவது என்று அம்மாவே கேட்டறிய 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

கேமரா வைத்து எட்டு மாதம் ஆகிறது. அதில் அவன் ஒருமுறையும் அகப்படவில்லை, வேறு எவரும் அகப்படவில்லை; பொருள் எதுவும் போகவும் இல்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் அவன் வந்து, கொல்லை அறையில் கிடக்கும் பழைய வலையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சாவி கேட்டிருக்கிறான். அடுப்பிலிருந்த பாலைப் பார்த்துக்கொண்டே, “சாவி மகன்கிட்டல்ல இருக்கு, அவன் வரட்டும்யா” என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு டம்ளர் காப்பி ஆற்றிக் கொடுத்தாராம் அம்மா.