வீட்டில் செய்த கார்பைட் கடைசல் உளி: காசுக்கு ஏற்றதா?

பழைய அரத்தைச் சாணை பிடித்து மரம் கடையும் உளியாக்கும் யோசனை இருந்தால் முதலில் அதை விடுங்கள். அரம் எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு நொறுங்கும். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தடவை கொளுவினால் போதும், உளிதாங்கியின் மேலேயே முறிந்து துண்டு முகத்துக்கு வரும். அரத்தின் பல்லுப் பள்ளங்களில்தான் விரிசல் தொடங்குகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடி எடுக்கும் லொறி வில்தகடு அப்படிச் சுலபமாக முறியாது. ஆனால் கிரைண்டரில் அளவுக்கு மீறிச் சூடேறினால் பதம் இறங்கிவிடும். திரும்ப ஏற்ற உலை வேண்டும்.

செலவு உண்மையிலேயே குறைவது கார்பைட் உளியில். வெட்டும் இன்சர்ட்டை, அதாவது நுனியில் திருகாணியால் பூட்டும் சிறு கார்பைட் தகட்டை மட்டும் வாங்கி, தண்டையும் பிடியையும் வீட்டில் செய்வது.

தண்டுக்கு 12 மி.மீ. சதுர இரும்புக் கம்பி, 30 செ.மீ. நிறை ஏறக்குறைய 340 கிராம்தான். கொழும்பு பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் வெட்டித் தருவார்களா என்று கேளுங்கள். 12 மி.மீ. சொல்வதற்குக் காரணம் உண்டு. 15 மி.மீ. சதுர இன்சர்ட் 2.5 மி.மீ. தடிப்பில், ஓரம் 30 பாகை சரிவோடு இருந்தால் அதன் அடிப்பக்கம் 12 மி.மீ.க்குச் சற்றே கூட. கம்பியின் அகலத்தில் கச்சிதமாக உட்காரும், வெட்டும் ஓரம் மட்டும் வெளியே நிற்கும். வட்டக் கம்பி வேண்டாம், தாங்கியில் உருளும்.

உலோகம் கடையும் பட்டறைக்காரர் பாவிக்கும் இன்சர்ட்டை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். பூச்சுப் பூசிய அந்த முனை மரத்துக்கு மொட்டை, வெட்டாது, தேய்க்கும். மரத்துக்கான இன்சர்ட் மேலே தட்டையாக, ஓரம் சவர அலகு போல இருக்கும்.

கம்பி நுனியில் 14 மி.மீ. நீளத்துக்கு, இன்சர்ட்டின் தடிப்பளவே ஆழமாக, அரத்தால் இருக்கை எடுங்கள். இருக்கை மட்டமாக இல்லாவிட்டால் திருகாணி இறுகும்போது இன்சர்ட் வெடிக்கும். பின் தோளில் இன்சர்ட்டின் மூலைகள் முட்டாமல் சிறு இடைவெளி விடுங்கள். கம்பியின் மூக்கையும் கீழ்நோக்கிச் சரிவாக அராவ வேண்டும், இல்லையேல் மரத்தில் முதலில் உரசுவது இரும்புதான்.

ஆணித் துளை இன்சர்ட்டுக்கு இன்சர்ட் வேறுபடும், அளந்து பாருங்கள். கம்பியில் எம்4 திருகாணிக்கு 3.3, எம்5க்கு 4.2, எம்6க்கு 5 மி.மீ. துளை. டெப்பில் (துளைக்குள் புரி வெட்டும் கருவி) எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. அவசரப்பட்டால் டெப் உள்ளே முறியும். முறிந்த டெப்பைத் துளைத்தெடுக்க முயலாமல் 2 செ.மீ. வெட்டி எறிந்து புதிதாகத் தொடங்குவதே மலிவு. ஆணித்தலையின் சரிவும் இன்சர்ட் துளையின் சரிவும் ஒத்திருக்க வேண்டும்.

பிடி 35 முதல் 40 செ.மீ. மகோகனி போதும், ஆனால் நன்றாக உலர்ந்த துண்டு. ஈரமரத்தில் போட்ட பூண் சில வாரங்களில் கழன்று ஆடும். பூணுக்கு 1 அங்குல ஜீஐ குழாய்த் துண்டு. கம்பியின் வால் 8 செ.மீ.க்கு நாலு மூலையையும் அராவி, 14 மி.மீ. துளையில் எபோக்சியோடு இறக்கி ஒரு நாள் விடுங்கள்.

வேலை எப்படி? உளியை மட்டமாகப் பிடித்து, முனை மரத்தின் மைய உயரத்துக்கு வருமாறு தாங்கியை இறக்கினால் தேக்கு, பலா, மகோகனியில் நம்பி உருட்டலாம். தாங்கிக்கு வெளியே 50 மி.மீ.க்கு மேல் நீட்டினால் 12 மி.மீ. கம்பி அதிரும், ஆழமான கிண்ணத்துக்கு 16 மி.மீ. கம்பி எடுத்து, நுனியை மட்டும் 12 ஆக ஒடுக்குங்கள். அல்பீசியா போன்ற மென்மரத்தில் நார் பிய்ந்து நிற்கும், 80ஆம் இலக்க மண்தாளில்தான் சரியாகும். அந்த இடத்தில் நன்றாகத் தீட்டிய கோஜ் உளியோடு (குழிந்த அலகுள்ள வழமையான கடைசல் உளி) இதை ஒப்பிடவே முடியாது. மங்கினால் இன்சர்ட்டைத் திருப்பலாம், நாலு ஓரம் இருக்கிறது. நாலும் முடிந்த பின் மேல்முகத்தை மட்டும் வைரத்தட்டில் தேய்க்கலாம். சரிவில் கை வைக்காதீர்கள்.

கிண்ணத்தின் உட்புறத்துக்கு இரண்டாவது உளி செய்வதானால் 12 மி.மீ. வட்ட இன்சர்ட் எடுங்கள். அதே கம்பி பொருந்தும், நுனியை மட்டும் 9 மி.மீ. அகலத்துக்கு வளைவாக அராவிக்கொள்ளுங்கள்.