ஆறு வருடம், இரண்டு சீட்: காரில் மகளை உட்கார வைத்த கதை

மகளை மருத்துவமனையிலிருந்து மடியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்காம் மாதத்தில்தான் முதல் குழந்தைகள் சீட்டை வாங்கினோம். இப்போது அவளுக்கு ஆறரை வயது. இரண்டாவது சீட்டான பூஸ்டரில் உட்காருகிறாள்.

சட்டம் சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தை பெல்ட்டோ குழந்தைகள் சீட்டோ இல்லாமல் காரில் இருந்தால் 1000 ரூபாய் அபராதம். சென்னையில் எந்தச் சிக்னலிலும் எங்களை யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம். எத்தனை கிலோவுக்கு எந்த சீட் என்பதை சீட்டில் ஒட்டியிருந்த ஆரஞ்சு லேபிளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஒன்பது கிலோ ஆனதும் முன்பக்கம் பார்க்கத் திருப்பிடலாம் மேடம்" என்றார் கடைக்காரர். லேபிளும் அதை அனுமதித்தது. ஆனால் குழந்தைகள் சீட்டுக்கு ஐரோப்பாவில் வந்த புதிய ஐ-சைஸ் விதி, குறைந்தது 15 மாதம் பின்பக்கம் பார்த்தபடியே இருக்கச் சொல்கிறது. குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு. பின்நோக்கி இருந்தால் மோதலின் வேகத்தைத் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சேர்த்து சீட்டே தாங்கிக்கொள்ளும். அதனால் 13 கிலோ ஆகும்வரை நாங்கள் திருப்பவில்லை. இப்படிப் பின்பக்கம் பார்க்க வைக்கும் சீட்டை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

எங்கள் பழைய காரில் ஐசோஃபிக்ஸ், அதாவது சீட்டை நேராக மாட்டும் உலோகக் கொக்கி, கிடையாது. கடைப் பையன் பெல்ட்டால் கட்டிக்கொடுத்தான். திருவான்மியூர் சிக்னலில் கைவைத்து ஆட்டிப் பார்த்தால் சீட் ஊஞ்சலாடியது! அன்றிரவே நான் சீட்டின் மேல் முழங்காலை ஊன்ற, கணவர் பெல்ட்டை இழுத்து இறுக்கினார். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது.

வெயில் தனிக் கொடுமை. சித்திரையில் பெசன்ட் நகர் கடற்கரையோரம் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினால், பக்கிளின் உலோக நாக்கு சுடும். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை சீட் மேல் போர்த்திவிட்டுப் போவேன். இன்றுவரை அதுதான்.

அத்தைக்குத்தான் மனசே ஆறவில்லை. "மடியில வெச்சுக்க எங்களுக்குத் தெரியாதா? கட்டிப்போட்டு அழ வைக்கணுமா?" வேளச்சேரியில் ஒருநாள் ஆட்டோ ஒன்று குறுக்கே வர, கணவர் பிரேக்கை அழுத்தினார். அத்தையின் பக்கத்தில் இருந்த வத்தக்குழம்புத் தூக்கு பறந்துபோய் முன் சீட்டின் முதுகில் மோதிக் கவிழ்ந்தது. மகள் இருந்த இடத்திலேயே இருந்தாள். குழம்பு போனதற்குத்தான் அத்தை வருத்தப்பட்டார். ஆனால் மறுநாள் பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தவரும் அவர்தான். சீட் உறையில் அந்த வாசனை போக ஒரு மாதம் ஆனது.

முதல் சீட்டோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பூஸ்டர் அதைவிட மலிவு, வேலையும் குறைவு. குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். அப்போதுதான் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பிலும் மேல்பட்டை தோளின் நடுவிலும் படியும். ஒருமுறை அது இல்லாமல் தம்பி காரில் காஞ்சிபுரம் கல்யாணத்துக்குப் போனோம். கழுத்தில் சிவப்புக் கோடு. எரிச்சலில் பெல்ட்டை அக்குளுக்கடியில் செருகிக்கொண்டாள். கீழ்ப்பட்டையோ வயிற்றுக்கு ஏறியிருந்தது.

கால் டாக்ஸியில் பின் பெல்ட் பாதி நேரம் சீட் உறைக்கு அடியில் புதைந்திருக்கும். பெல்ட் இல்லாவிட்டால் பூஸ்டரைச் சுமந்துபோயும் பயனில்லை. புக் செய்ததுமே போன் போட்டு, "பின்னாடி பெல்ட் வேலை செய்யுமா அண்ணா?" என்று கேட்டுவிடுவேன்.

ஐரோப்பாவில் 150 செ.மீ. உயரம் வரை இந்த மாதிரி சீட் வேண்டும். சில நாடுகளில் 135 போதும். மகள் இப்போது 117. கதவு நிலையில் 135-க்கு அவளே பென்சில் கோடு போட்டு, தினமும் குதிகாலைத் தூக்கி அளந்துகொண்டிருக்கிறாள்.