பில்லில் பாறை ஏற்றம், பாறையில் வெறும் இறக்கம்: பள்ளிகள் ஏமாறும் விதம்

ஓசூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைப் பாறை ஏற கர்நாடகாவின் ராமநகராவுக்கு அழைத்துப் போனது. திரும்பி வந்ததும் பில்லையும் ஆசிரியர்கள் எடுத்த வீடியோக்களையும் எங்கள் ஏற்றக் குழுவிடம் காட்டினார்கள். பில்லில் எழுதியிருந்தது: அரை நாள் பாறை ஏற்றம், சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்கள், சர்வதேசத் தரச் சாதனங்கள், காப்பீடு. பாறையில் இருந்தது ஒரே ஒரு ஏறுகயிறு. பதினைந்து பேர்கூட முழுதாக ஏறவில்லை. மற்றவர்களைப் பாறையின் பின்பக்கமாக மேலே நடத்திக் கூட்டிப்போய், ராப்பெல்லிங் என்று கயிற்றில் இறக்கிவிட்டு, "எல்லாரும் கிளைம்பிங் முடிச்சாச்சு சார்" என்று ஆளுக்கொரு சான்றிதழையும் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் பலர்; ஒரு பெயரைப் போட்டால் மற்றவர்களெல்லாம் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள்.

இறக்கிவிடுவதில் அவர்களுக்கு என்ன லாபம்? புதிதாக ஏறும் ஒரு பிள்ளைக்குக் கயிறு கட்டி, சரிபார்த்து, 12 மீட்டர் ஏறவிட்டு, இறக்கி, முடிச்சை அவிழ்க்க எட்டிலிருந்து பத்து நிமிடம் பிடிக்கும். மூன்று மணி நேரத்தில் ஒரு கயிற்றில் இருபது பேர் ஏறினால் அதிகம். 42 பேருக்கு ஆளுக்கு ஒரு தடவை என்றாலே மூன்று கயிறு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பிலே பிடிக்க, அதாவது ஏறுபவர் விழாமல் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் காக்க, தெரிந்த தனி ஆள் வேண்டும். ராப்பெல்லிங்கில் அதே பிள்ளை நான்கு நிமிடத்தில் கீழே வந்துவிடும்; மேலே ஒருவர், கீழே ஒருவர் போதும். அதனால் விலை பேசும் முன்பே கேட்க வேண்டியது: ஏற்றத்துக்கு மட்டும் எத்தனை கயிறு? ஒவ்வொரு கயிற்றையும் பிடிக்கப்போவது யார்? இதற்கு நேராகப் பதில் சொல்லாமல், "எவ்வளவோ ஸ்கூல் பண்ணிருக்கோம் சார், கவலையே படாதீங்க" என்று ஆரம்பித்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

பணம் போனதுகூடப் பெரிதல்ல. வீடியோவில் ஓரிடம் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பாறை உச்சியில் அடித்த துருவேறிய ஒற்றை போல்ட். அதில் ஒரு நைலான் ஸ்லிங், அதாவது பட்டை வளையம். ஏறுகயிறு, நடுவில் காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) எதுவும் இல்லாமல், நேரே அந்த ஸ்லிங்குக்குள் ஓடுகிறது. பிள்ளையை இறக்கும்போது கயிறு நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் சூடு நீளத்தில் பரவிவிடும். ஸ்லிங் நகராது. உரசல் முழுவதும் அதன் ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் உருகி அறுந்துவிடும். அன்றைக்கு அறவில்லை என்றால் அது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

உச்சியில் கயிற்றைத் தாங்கும் அமைப்புக்கு ஆங்கர் என்று பெயர். சரியான ஆங்கருக்குக் குறைந்தது இரண்டு தனித்தனிப் பிடிமானங்கள் வேண்டும். ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் மற்றொன்று தனியாகத் தாங்க வேண்டும். இரண்டிலிருந்தும் வரும் ஸ்லிங்குகள் சேரும் இடத்தில் கோணம் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 120 டிகிரிக்கு விரிந்தால் பாரம் பாதியாகப் பிரியாது, ஒவ்வொரு பிடிமானத்திலும் முழு எடையும் இறங்கும். சேரும் இடத்தில் பூட்டுள்ள காரபினர்கள் இரண்டு, வாய்கள் எதிரெதிராக. கயிறு அவற்றுக்குள்தான் ஓட வேண்டும். ராமநகரா கிரானைட்டின் விளிம்பு சொரசொரப்பானது. ஸ்லிங்கோ கயிறோ அதன்மேல் வளைந்து போனால் அடியில் தடித்த கித்தானோ விரிப்போ கட்டாயம். உடன் போகும் ஆசிரியர், பிள்ளைகள் கயிறு கட்டும் முன் இந்த ஆங்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். உச்சி விளிம்புக்கு அவரே எட்டிப் பார்க்கப் போக வேண்டாம்.

ஹெல்மெட்டுகள் கட்டட வேலைக்கான மஞ்சள் ரகம். அதன் தாடைப்பட்டை சற்று அழுத்தி இழுத்தாலே விடுபடும்படி செய்யப்பட்டது. விழும்போது தலையில் நிற்காது. ஏற்றத்துக்கான ஹெல்மெட்டில் ஈஎன் 12492 என்ற ஐரோப்பியத் தர எண் குறித்திருக்கும். உடம்பில் மாட்டிக் கயிறு கட்டும் பட்டையான ஹார்னஸிலும் அதே கதைதான். முதுகில் வளையம் உள்ள கட்டட ரகத்தை மாட்டியிருந்தார்கள். இடுப்பு இன்னும் சரியாக அமையாத ஒல்லிப் பிள்ளைகளுக்கு வெறும் இடுப்பு ஹார்னஸும் போதாது: தலைகீழாகப் புரண்டால் நழுவிவிடும். அவர்களுக்கு மார்போடு சேர்ந்த முழு உடல் ஹார்னஸ் கேளுங்கள்.

பிலே பிடித்தவர் பாறையிலிருந்து தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, ஒரு கையில் போன் வைத்திருக்கிறார். கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கை ஒரு நொடிகூடக் கயிற்றை விடக் கூடாது. கூடவே கயிற்றின் கடைசி நுனியில் முடிச்சு இல்லை. மேலே போய்த் திரும்பி வரும் கயிறு என்பதால் பாறையின் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளம் வேண்டும். 30 மீட்டர் கயிற்றை 18 மீட்டர் பாறையில் போட்டால், உச்சியிலிருந்து ஒரு பிள்ளையை இறக்கும்போது நுனி பிலே கருவியிலிருந்து நழுவி, பிள்ளை மீதி உயரத்தை விழுந்தே கடக்கும். நுனியில் ஒரு முடிச்சு இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

ராமநகராவுக்கே உரிய விஷயம் ஒன்று: மலைத்தேனீ. பாறை முகட்டின் அடியில் பெரிய அடைகள் தொங்கும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் ஆகாது. கலைந்தால் கயிற்றில் இருக்கும் பிள்ளையை முதலில் யார் இறக்குவது, மற்றவர்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டியே சொல்லத் தெரியாத பயிற்றுநரை நம்ப வேண்டாம். பத்து, பத்தரைக்கு மேல் வெயில் விழும் பாறையில் கை வைக்க முடியாது. காலை ஆறரைக்கே தொடங்க வேண்டும். அங்குள்ள ராமதேவர பெட்டா என்ற மலை 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம். எந்தப் பாறை, வனத்துறை அனுமதி தேவைப்படும் இடமா, கடிதம் எங்கே என்று எழுத்தில் வாங்குங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் நிறுவன முதலாளி உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ மலையேற்றப் பயிற்சி முடித்த தாளைக் காட்டுவார். பாறையில் நிற்பது வேறு யாரோ. அன்றைக்கு வரப்போகிறவர்களின் பெயரும் சான்றிதழ் நகலும்தான் நமக்கு வேண்டும். காப்பீட்டிலும் பாலிசி நகலை வாங்கி விலக்குப் பகுதியைப் படியுங்கள். சாதாரணக் குழு விபத்துப் பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டு சேராது.

ஒப்பந்தத்தில் கயிறுகளின் எண்ணிக்கை, ஒரு பிள்ளைக்கு எத்தனை ஏற்றம், ராப்பெல்லிங் அந்தக் கணக்கில் வராது, மீதிப் பணம் நிகழ்ச்சி முடிந்த பிறகு என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்த பெற்றோர் பில், விளம்பரத் தாள், வீடியோ மூன்றையும் பத்திரமாக வைத்து, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். தீராவிட்டால் தங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கர்நாடகாவுக்கு அலைய வேண்டியதில்லை. கெடு 2 ஆண்டுகள். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.