எண்ணும் எழுத்தும் ஒரே கோப்பில்: ஸ்வீவ் முதல் குவார்ட்டோ வரை

புள்ளியியல் அறிக்கைகளில் நான் கண்ட பிழைகளில் பல கணக்கில் நேர்ந்தவை அல்ல. கணக்கிட்ட எண்ணைக் கையால் எடுத்து வாக்கியத்துக்குள் ஒட்டும்போது நேர்ந்தவை. ஆகவே நிரலையும் உரையையும் ஒரே கோப்பில் வைக்கும் கருவி எதுவானாலும், தரவு மாறும்போது வாக்கியத்தில் உள்ள சராசரியும் தானாக மாறுமா என்பதையே முதலில் பார்க்கிறேன்.

பிரீட்ரிக் லைஷ் 2002இல் அறிமுகப்படுத்திய ஸ்வீவ் என்ற கருவி இதை அப்போதே செய்தது. புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியுடனேயே வருவதால் தனியே நிறுவ வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிரல் துண்டுக்கு ஒரு படம் என்ற அதன் கட்டுப்பாடு விரைவில் சலிப்பூட்டும். யீஹுயி ஷியே 2012இல் வெளியிட்ட நிட்டர் என்ற ஆர் தொகுப்பு அந்தத் தடையை நீக்கியது. சமன்பாடுகள் நிறைந்த ஆய்வேட்டை லாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையில் எழுதுவோருக்கு இன்றும் நிட்டரையே பரிந்துரைப்பேன்.

நிரலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இயக்கும் ஜூப்பிட்டர் நோட்புக், தரவைத் துழாவிப் பார்க்க அருமையானது. அறிக்கை எழுத எனக்கு உவப்பானதன்று. கட்டங்களை எந்த வரிசையிலும் இயக்கலாம் என்பதால், அழித்துவிட்ட கட்டத்தில் உருவான மாறி நினைவகத்தில் தங்கி, மறுநாள் கிடைக்காத முடிவை இன்று காட்டக்கூடும். வெளியீடுகளும் அதே கோப்பில் சேமிக்கப்படுவதால், எது மாறியது என்று பதிப்புகளை ஒப்பிடுவதும் கடினம்.

2022இல் அறிவிக்கப்பட்ட குவார்ட்டோ என்ற கருவி ஆர் மொழிக்கு நிட்டரையும் பைத்தான் மொழிக்கு ஜூப்பிட்டரையும் பின்னணியில் இயக்குகிறது, 1.4ஆம் பதிப்பிலிருந்து பைத்தான் எண்களையும் வாக்கியத்துக்குள் நேரடியாக இடலாம். இரு மொழிகளையும் கையாளும் குழு புதிதாகத் தொடங்குவதானால் இதுவே என் தேர்வு.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். முன்பு கணக்கிட்ட முடிவை மீண்டும் பயன்படுத்தும் நிட்டரின் தற்காலிகச் சேமிப்பு, நிரல் துண்டு மாறியதா என்று பார்க்கிறதே தவிர, நாம் தனியே சொல்லாதவரை வெளியே உள்ள தரவுக் கோப்பு மாறியதா என்று பார்ப்பதில்லை. அதேபோல் பழைய முடிவுகளைச் சேமித்து வைக்கும் குவார்ட்டோவின் உறைநிலை வசதியும் மூலக் கோப்பை மட்டுமே கவனிக்கிறது. எனவே திருத்திய தரவை வைத்த பின்னும் பழைய சராசரியே அச்சேறலாம். அறிக்கையை அனுப்பும் முன் இவ்விரண்டிலும் சேமிக்கப்பட்ட முடிவுகளை நீக்கிவிட்டு, முழுக் கோப்பையும் தொடக்கத்திலிருந்து ஒருமுறை இயக்குவது அவசியம்.

தமிழில் எழுதுவோர் பிடிஎஃப் வடிவுக்கு யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் லாடெக் வகையான ஸீலாடெக் பொறியைத் தேர்ந்து, தமிழ் எழுத்துருவின் பெயரையும் கோப்பின் தலைப்பகுதியில் குறிப்பிட வேண்டும்.