குதிரைக்கு வாங்கும் பொருள்கள்: தோட்டத்து ஈரத்தில் எது தாக்குப்பிடிக்கும்?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அநேகமாக எல்லாமே பந்தயத் திடலில் ஓடி முடித்த தரோபிரெட் குதிரைகள். ஒருவர் பழைய ரப்பர் கொட்டகையை லாயமாக்கியிருக்கிறார். இன்னொருவர் செம்பனை வரிசைக்கு நடுவே வேலி போட்டு மேயவிடுகிறார். சந்திக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: எந்தச் சேணம் வாங்கினீர்கள், எந்த ஈ மருந்து வேலை செய்கிறது, குளம்புக்கு என்ன போடுகிறீர்கள்? சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்ததிலிருந்து, ஓய்ந்த குதிரையை வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கடையிலும் ஷாப்பி இணையச் சந்தையிலும் கிடைக்கும் நல்ல பொருள்களில் பல குளிர் நாடுகளில் உருவானவை. அங்கே தோல் காய்ந்து வெடிக்கும், குளம்பு காய்ந்து பிளக்கும், அதற்கு எண்ணெய்ப்பசை ஏற்றுவார்கள். நமக்குப் பிரச்சினை வேறு. பகலில் 33 டிகிரி, மாலையில் மழை, இரவெல்லாம் பிசுபிசுப்பு. அதனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இது சீக்கிரம் காயுமா, குதிரையின் உடம்பைக் காயவிடுமா என்றுதான் பார்க்கிறேன். பிராண்டும் விலையும் அதற்கு அப்புறம்.

தோல் சேணமா, செயற்கைச் சேணமா?

தோல் சேணத்தில் ஏறிப் பழகியவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காது. அதில் நியாயமும் இருக்கிறது. நல்ல தோல் ஏறுபவரின் காலோடு படிந்துபோகும். தையல் விட்டால் பிரித்துத் தைக்கலாம். உள்ளே திணித்த கம்பளியை எடுத்து மாற்றலாம். பார்த்துப் பார்த்து வைத்தால் 20 வருடம் உழைக்கும்.

ஆனால் மழை மாதத்தில் ஒரு வாரம் பத்து நாள் ஏறாமல் மாட்டி வைத்துவிட்டு, சேணத்தின் பக்க மடலைத் தூக்கிப் பாருங்கள். அடியில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், அதன் கீழே தோல் நமுத்துக் கிடக்கும். மேலே இருப்பதைத் துடைத்துவிடலாம். வயிற்றுப் பட்டையை மாட்டும் வார்களில்தான் எனக்குப் பயம். கொக்கித் துளைகளிலும் தையல் ஓட்டைகளிலும் ஈரம் தங்கினால் வார் உள்ளிருந்து இற்றுப்போகும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும்போது வார் அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தோல் வைத்திருப்பவர்கள் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு வாரையும் மடக்கி, துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

செயற்கையில் நம் பக்கம் அதிகம் பேசப்படுபவை ஆஸ்திரேலியாவின் வின்டெக், இங்கிலாந்தின் தொரோகுட். சவாரி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் வைத்தால் மறுநாளைக்குத் தயார். தோலைவிட எடையும் குறைவு. இதையெல்லாம்விடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. இந்தச் சேணங்களின் முன்பகுதியில், குதிரையின் தோள்மேட்டுக்கு மேல் வளைந்து நிற்கும் உலோகத் தகட்டைக் கழற்றி, அகலம் கூடியதையோ குறைந்ததையோ மாட்டலாம். பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்கு இது எவ்வளவு உதவும் என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வரும்போது தோள்மேடு உயரமாக, முதுகு ஒடுங்கி, இரு பக்கமும் குழிந்து இருக்கும். ஓய்வும் புல்லும் நிதானமான வேலையும் கிடைத்ததும் சில மாதங்களில் முதுகு நிரம்பி உருவமே மாறிவிடும். முதல் மாதம் பொருந்திய தோல் சேணம் ஆறாம் மாதம் முதுகைக் கிள்ளும். சேணம் அழுத்தும் இடத்தில் வெள்ளை முடி முளைத்துவிட்டால் அது திரும்பப் பழைய நிறத்துக்கு வராது.

செயற்கையில் குறை இல்லாமல் இல்லை. இருக்கையின் மேல்துணி தேய்ந்தால் மாற்றுவது கஷ்டம். வெயிலில் விட்டால் தொடையில் சுடும். விற்கப்போனால் தோல் அளவுக்கு விலை வராது. இருந்தாலும் ஒரே குதிரை, வாரத்தில் இரண்டு மூன்று சவாரி, குளிரூட்டி இல்லாத சேண அறை என்றால் என் ஓட்டு செயற்கைக்குத்தான். தினமும் ஏறுகிறவர், சேண அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறது என்றால் தாராளமாகத் தோல் வாங்கலாம்.

தோல் வாங்குகிறவர்கள் எண்ணெய் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாட்டுக்கால் எண்ணெயைப் புதுத் தோலுக்கு ஒருமுறை மெல்லிசாகக் கொடுத்தால் போதும். வாரந்தோறும் ஊற்றினால் தோல் தொளதொளத்துவிடும், பூஞ்சணத்துக்கும் தீனி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். வாரா வாரம் கிளிசரின் சோப்பை, நுரை வராத அளவுக்குக் கொஞ்சமே தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதுதான் நமக்குச் சரி.

கடிவாளப் பட்டைக்கும் இதே பேச்சுதான், ஆனால் முடிவு இன்னும் எளிது. பயோதேன் என்று விற்கும் பட்டை, உள்ளே பாலியெஸ்டர் நாடா, மேலே பிளாஸ்டிக் பூச்சு. வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் முடிந்தது. நான் அதற்கே ஓட்டுப் போடுவேன். ஒரு இடத்தில் மட்டும் விதிவிலக்கு. குதிரையை மேய விடும்போது தலையில் பட்டை இருந்தே ஆக வேண்டுமென்றால் அது தோலாக இருக்கட்டும். நைலானும் பயோதேனும் லேசில் அறுந்து கொடுக்காது. வேலிக் கம்பத்தில் பட்டை மாட்டி, குதிரை மிரண்டு இழுத்தால் பட்டை தாங்கும், கழுத்து தாங்காது. இங்கே தோல் அறுந்துபோவதுதான் நமக்கு வேண்டிய குணம்.

வயிற்றுப் பட்டையில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் கழுவ வசதி. ஆனால் வியர்வையை அப்படியே அடைத்து வைக்கும், மெல்லிய தோல் உள்ள குதிரைக்கு முழங்கைக்குப் பின்னால் புண் வரும். பருத்திப் பட்டை மெதுவாகக் காயும், அதனால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியும் அப்படியே. பிரஷ்ஷுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், பத்து வெள்ளி (ரிங்கிட்) ரப்பர் தேய்ப்பானும் ஒரு நல்ல மென்மயிர் பிரஷ்ஷும் போதும். ஒரு குதிரையின் பிரஷ்ஷை இன்னொன்றுக்குப் போடாதீர்கள், படர்தாமரை இப்படித்தான் லாயம் முழுக்கப் பரவுகிறது.

பளபளப்புத் திரவங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஷோஷீன், கவ்பாய் மேஜிக் இரண்டும் சிலிக்கோன் வகை. வாலில் சிக்கெடுக்க அருமையானவை. முதுகில் மட்டும் அடிக்காதீர்கள், சேணம் வழுக்கும். வாலுக்கும் பிடரிக்கும் நம் தேங்காய் எண்ணெய் நான்கு சொட்டும் அதே வேலையைச் செய்யும், தூசிதான் கொஞ்சம் அதிகம் ஒட்டும்.

ஆனால் மழைப் புண் வந்த இடத்தில் அதே தேங்காய் எண்ணெய் எதிரியாகிவிடும். நனைந்து காயாத முதுகில் டெர்மட்டோஃபிலஸ் என்ற கிருமி பற்றிக்கொண்டு, முடியோடு சேர்ந்து பொருக்குப் பொருக்காக எழும்பும். பொருக்கைக் கிள்ளினால் அடியில் சிவப்பாக ஈரமாக இருக்கும். பாட்டி வைத்தியம் என்று அதன்மேல் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, கிருமிக்கு வசதி செய்து கொடுத்ததாகும். குளோரெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் கழுவு திரவத்தைத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி, துணியால் ஒற்றிக் காயவைப்பதுதான் வழி. பெட்டடினும் வேலை செய்யும், அடிக்கடி போட்டால் தோலை வறட்டும். குழந்தை ஷாம்பு வாசனைக்கு நல்லது, இந்தப் புண்ணை ஆற்றாது.

கடிக்கும் பூச்சிக்கு எது?

இங்கேதான் எல்லாரும் அதிகப் பணத்தை விடுகிறார்கள். மாட்டு ஈ கடித்தால் கண்ணுக்குத் தெரியும், விரட்டலாம். சர்ரா என்ற ரத்தக் கிருமி நோயைக் குதிரைக்குக் குதிரை கடத்துவதும் அந்த மாதிரிக் கடிக்கும் ஈக்கள்தான், அதனால் அதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதிகத் தொல்லை தருவது கொசுவைவிடச் சின்னதான குலிகாய்டஸ் பூச்சி. நீளமே 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும் சேற்றோரத்திலிருந்து கூட்டமாகக் கிளம்பும். அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத குதிரை, பிடரியையும் வாலடியையும் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கட்டவைத்துக்கொள்ளும்.

அப்சார்பைன் நிறுவனத்தின் கறுப்புப் போத்தல் அல்ட்ராஷீல்டில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அடித்தவுடன் பலன் தெரியும். போத்தலில் 17 நாள் வரை என்று போட்டிருக்கும். தினமும் வியர்த்து, தினமும் குளித்து, தினமும் மழையில் நனையும் குதிரைக்கு அந்தக் கணக்கை எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், மீனுக்கும் விஷம். எலிக்காகப் பூனை வளர்க்காத லாயம் எது? மருந்து ஈரமாக இருக்கும்போது பூனை பக்கத்தில் வரக்கூடாது, மீதியை மீன் குளத்துக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றவும் கூடாது.

சிட்ரோனெல்லா என்ற புல் எண்ணெயின் வாசனை நன்றாக இருக்கிறது. நம் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆவியாகிவிடுகிறது, அவ்வளவுதான். வேப்பெண்ணெய் அதைவிட மேல். தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து பிடரி, வாலடி, வயிற்றின் நடுக்கோட்டில் மட்டும் தடவினால் பூச்சி உட்காரத் தயங்கும். முழு உடம்பிலும் பூசினால் குதிரைக்குப் புழுக்கம். சில குதிரைக்குத் தோல் எரியும், முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் தடவி ஒருநாள் பொறுங்கள்.

இவை மூன்றையும் தோற்கடிப்பது மின்விசிறி. குலிகாய்டஸ் பறப்பதில் மகா சோப்ளாங்கி, காற்று வேகமாக அடித்தால் அதனால் குதிரையின் மேல் இறங்கவே முடியாது. மாலை ஐந்தரைக்குக் குதிரையை உள்ளே கொண்டுவந்து பெரிய விசிறியின் முன் நிறுத்திவிட்டால் மருந்துச் செலவு பாதியாகும், வெக்கையும் தணியும், முதுகும் காயும். வீட்டு விசிறி வேண்டாம். தூசிக்கு மூடிய மோட்டார் உள்ள தொழிற்சாலை வகை வாங்கி, ஒயரைக் குதிரையின் வாய்க்கு எட்டாமல் குழாய்க்குள் கொண்டுபோங்கள். வைக்கோலும் மரச்சீவலும் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும்.

குளம்புக்குத் தடவும் டப்பாக்கள்

எங்களுக்கு லாடம் அடிக்க வருபவர் காலைத் தூக்கியதும் முதலில் மோந்துதான் பார்ப்பார். "அண்ணே, எண்ணெய் போடுறதை நிறுத்துங்க. இந்தக் குளம்பு தண்ணி குடிச்சு குடிச்சு ஊறிக் கிடக்கு" என்று என்னிடம் அவர் சொல்லாத மாதம் கிடையாது. அவர் சொல்வது சரி. கார் அண்ட் டே அண்ட் மார்ட்டினின் கார்னுகிரெசின் மாதிரியான களிம்புகள் பழைய, நல்ல தயாரிப்புகள்தான். காய்ந்த தரையில் நிற்கும் குதிரைக்கு, குளம்பு தொடங்கும் விளிம்பில் தேய்த்தால் பொருத்தம். நம் குதிரையோ சேற்றிலும் ஈரப் புல்லிலும் நிற்கிறது.

நமக்கு வருவது குளம்பின் அடியில், முக்கோணமாக ரப்பர் மாதிரி இருக்கும் பகுதியின் பள்ளங்களில் அழுகல். குளம்பு கொக்கியைப் பள்ளத்தில் விட்டு இழுத்தால் கறுப்பாக, கூழாக வரும். அந்த நாற்றத்தை ஒருமுறை மோந்தவர் மறக்கமாட்டார். நடுப்பள்ளத்தில் கொக்கி ஆழமாக இறங்கி, குதிரை காலைச் சுண்டி இழுத்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டாக்ஹோம் தார் பைன் மரத்திலிருந்து எடுப்பது. நன்றாகக் கழுவிக் காயவைத்த குளம்பில் தண்ணீர் ஏறாமல் தடுக்கும். அழுகல் உள்ளே இருக்கும்போது தார் பூசினால் மூடி வைத்த மாதிரி ஆகிவிடும். மயில்துத்தம் கிருமியைக் கொல்லும், ஆனால் காரம், பச்சைச் சதையில் பட்டால் பொசுக்கும். அயோடினை நீர்க்கக் கலந்து, பஞ்சில் தொட்டுப் பள்ளத்தில் வைப்பது நிதானமான வழி, நான் அதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். எதைப் போட்டாலும் தினமும் கொக்கியால் சுத்தம் செய்து, நிற்கும் இடத்தைக் காயவைக்காவிட்டால் டப்பா மாற்றி டப்பா வாங்கிக்கொண்டே இருக்கலாம். நொண்டினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

உப்பும் சுண்ணாம்புப் பொடியும்

வியர்வைக்கு ஈடுகட்டும் எலக்ட்ரோலைட் பொடியை வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். முதலில் சர்க்கரை பெயர் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். 500 கிலோ குதிரைக்குச் சும்மா நிற்கும் நாளிலேயே 25 கிராம் அளவுக்கு உப்பு தேவை. அதை மளிகைக்கடைச் சாதா உப்பே கொடுக்கும், இரண்டு மூன்று வெள்ளிக்கு ஒரு கிலோ. புழுக்கத்தில் கடுமையாக வேலை செய்யும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கும் மேல் வியர்க்கும், அன்றைக்குத்தான் பொடிக்கு வேலை, பக்கத்தில் நிறையத் தண்ணீரும் வேண்டும். நக்கும் உப்புக்கட்டி மழையில் கரைவதுதான் மிச்சம், கூரைக்குக் கீழே வைத்தாலும் சில குதிரை போதிய அளவு நக்காது. வேலை செய்தும் ஒரு குதிரை வியர்க்காமல், மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டு நின்றால் உப்போடு விட்டுவிடாதீர்கள். வெப்ப நாடுகளில் வியர்வை நின்றுபோகும் நோய் உண்டு. உடனே தொடர்ச்சியாகத் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிரவைத்து, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

நூறு நூற்றைம்பது வெள்ளி கொடுத்து வாங்கும் தாதுச்சத்து வாளிக்கு முன்னால் இன்னொரு பொடியைப் பாருங்கள். நம் பக்கம் குதிரைக்கும் நேப்பியர் புல்லைத்தான் அறுத்துப் போடுகிறோம். அதில் இருக்கும் ஆக்ஸலேட், கால்சியத்தைக் குதிரையின் குடலில் சேரவிடாமல் கட்டிப்போடும். கூடவே அரிசித் தவிடு போட்டால் பாஸ்பரஸ் வேறு ஏறிவிடும். மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், முகத்தெலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் கால் மாற்றி மாற்றி நொண்டும். இதற்குத் தீவனச் சுண்ணாம்புக்கல் பொடி, அதாவது கால்சியம் கார்பனேட், மலிவான காப்பு. எவ்வளவு கலப்பது என்பதைப் புல்லின் அளவைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடைத் தீவனத்துக்கென்று விற்பதையே வாங்குங்கள். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு வேறு, அது குதிரையின் வாயையும் வயிற்றையும் வேகவைத்துவிடும்.