தலைப்பிரசவம்: அம்மா வீட்டிலா, நாம் இருக்கிற ஊரிலா?

தங்கைக்கு இது ஐந்தாம் மாதம். சென்னை போரூரில் இருக்கிறாள். போன வாரம் போனில், "அக்கா, வளைகாப்பு முடிஞ்ச கையோட அம்மா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாங்க. உன் தடவை நீ ஏன் போகல?" என்று கேட்டாள். அவளிடம் அரை மணி நேரம் பேசினேன். பேசியதில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது தஞ்சாவூர், கரந்தையில். அம்மா வீடு வேதாரண்யத்துக்குத் தெற்கே, கோடியக்கரை போகிற வழியில். மூன்று வருடத்துக்கு முன் கார்த்திகை மாதம் என் மகன் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையில் பிறந்தான். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, சித்ரான்னம் கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வளையல் அடுக்கினார்கள். நான் போகவில்லை. அம்மா என்னோடு வந்து இருந்தார். இன்னொரு முறை கேட்டாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா வீட்டின் பக்கம் இருக்கும் நியாயங்களை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்குப் பிடித்த சோறு, பகலில் படுத்தால் யாரும் ஒன்றும் நினைக்காத வீடு, இரவில் எழுந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளப் பழகிய கை. மாமியார் வீட்டில் பேச்சுவார்த்தை சரியில்லை என்றால் இந்த ஒன்றுக்காகவே போய்விடலாம். என் மாமியார் தன்மையானவர். அதனால் அந்த நிலையில் இருக்கிற பெண்ணுக்குச் சொல்ல எனக்கு அனுபவம் கிடையாது.

இருக்கிற ஊரிலேயே பார்ப்பதில் செலவு கூடும், வீடு சிறிதாக இருக்கும், அம்மா தன் வீட்டை விட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவும் இரண்டு மாடுகளும் தனியாக இருந்தார்கள். நாற்பத்தைந்து நாளும் அம்மாவுக்கு மனசு பாதி அங்கேதான். இதைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. அம்மாவின் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று முடிவெடுக்கிற உரிமை நமக்கு இல்லை. நான் கேட்டேன், அவர் யோசித்து வந்தார்.

ஆனால் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியில்தான் நான் முடிவெடுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது கோளாறு என்றால், ரத்தமும் மயக்க மருந்து டாக்டரும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

பிரசவம் என்றால் ஆஸ்பத்திரியில் என்பது தமிழ்நாட்டில் எப்போதோ முடிவான விஷயம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 99க்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். அதனால் "அம்மா வீட்டில் பிரசவம்" என்றால் அம்மா ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றுதான் அர்த்தம். இங்கேதான் நிறையப் பேர் வீட்டை ஒப்பிடுகிறார்கள், ஆஸ்பத்திரியை ஒப்பிடுவதில்லை. அம்மாவின் அன்பு எந்த ஊரிலும் ஒன்றுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் நன்றாகவே பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் என் வயதுப் பெண்கள் பலருக்கு அப்படித்தான் நடந்தது. ஆபரேஷன் தியேட்டர், ரத்தம், மயக்க மருந்து டாக்டர், பிறந்த குழந்தைக்கான பிரிவு ஆகியவை இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிற இடம் வேறு. அரசில் அதைச் சீமாங்க் மையம் என்கிறார்கள். எல்லா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இது உண்டு. உங்கள் தாலுகாவில் எங்கே இருக்கிறது என்று கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

சுகப்பிரசவம் ஆகும் என்று எல்லாரும் நினைக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் பெரியம்மா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் குழந்தை பிறந்த பிறகு உதிரப்போக்கு நிற்காமல் போவது, முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லாத பெண்ணுக்கும் வரும். வந்தால் நாள் கணக்கில் அவகாசம் கிடையாது, மணிக் கணக்குதான். பெரியம்மா மகளுக்கே அப்படி நடந்தது. வேறொரு ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். பிள்ளை நன்றாகப் பிறந்தது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. அங்கே ரத்தம் இல்லை. 108 வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா பிழைத்தாள். அந்த ஒரு மணி நேரப் பயணத்தைப் பற்றிப் பெரியப்பா இன்று வரை முழுதாகப் பேசியதில்லை.

எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினமோ திருவாரூரோ, மருத்துவக் கல்லூரி என்று போனால் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. என் தேதியோ கார்த்திகை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை அங்கே வளர்ந்த யாரும் மறக்க மாட்டோம். விடிந்து பார்த்தால் தென்னையும் மாவும் புளியமரமும் ரோட்டின் குறுக்கே. போன் கிடையாது, கரண்டு பல நாள் கிடையாது. அன்று பிரசவ வலி கண்ட பெண்களை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்களோ என்று எனக்கு ஏழாம் மாதத்தில் தூக்கம் வராது. ஒவ்வொரு வருடமும் புயல் வருவதில்லை, உண்மைதான். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் தேதி விழுகிற, கடற்கரையோர அம்மா வீடு உள்ள பெண் இதை ஒரு முறையாவது யோசிக்க வேண்டும். கரந்தையிலிருந்து மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிஷம் போதும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆறாம் மாதம் சர்க்கரைப் பரிசோதனையில் எனக்கு அளவு கூடியிருந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லாத இந்த முறையை முன்னெடுத்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று வரிசையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. எனக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே அடங்கிவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட தாயின் குழந்தைக்குப் பிறந்தவுடன் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், குதிகாலில் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதமாக என் அட்டையைப் பார்த்துவந்த இடத்தை விட்டு, ஒன்பதாம் மாதம் புது இடத்தில் போய் நின்று முதலிலிருந்து கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வலி வந்தது ராத்திரி ஒன்றரைக்கு. பனிக்குடம் உடைந்துதான் எழுந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோவில், அம்மா மடியில் தலை வைத்துப் போனேன். மறுநாள் மத்தியானம் மூன்றரைக்குச் சுகப்பிரசவம், தையலோடு. பிள்ளைக்கு அன்று முழுக்கக் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள், இறங்கவில்லை. ஆக, நான் பயந்த எதுவும் எனக்கு நடக்கவில்லை. அம்மா ஊரிலேயே இருந்திருந்தாலும் நன்றாகவே முடிந்திருக்கலாம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கடைசி இரண்டு மாதம் நான் பயமில்லாமல் தூங்கினேன்.

கணவர் கூடவே இருப்பார் என்பதற்காகத் தங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குத் துணையாக ஒரு பெண் உறவினரைத்தான் விடுகிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மா. கணவர் வெளியே பெஞ்சில் இருந்தார். கணவர் இருந்ததன் பலன் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட, ஏப்பம் விட வைக்க, ராத்திரி மூன்று மணிக்குத் துணி மாற்ற, எல்லாம் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டார். என் தோழிகள் பலர் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு திரும்பிப் போனபோது, அப்பாவைப் பார்த்தாலே பிள்ளை அழுதது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பத்தியம் போய்விடுமே என்ற கவலை எனக்கும் இருந்தது. போகவில்லை. அம்மா பால்சுறாக் கருவாடு, பூண்டு, பிரசவ மருந்துச் சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். சொல்லப்போனால் பெரியவர்கள் பத்துப் பேர் கூடுகிற வீட்டில் இல்லாமல் இருந்ததில் ஒரு நன்மையும் இருந்தது. தண்ணீர் குடிக்காதே, சீம்பாலைப் பீய்ச்சி விடு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வை, மூக்கில் எண்ணெய் விடு என்று யாரும் வற்புறுத்தவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டும் என்று செவிலியர் சொன்னதை அம்மா அப்படியே கேட்டுக்கொண்டார். ஊரில் இருந்திருந்தால் அம்மாவால் எத்தனை பேரை எதிர்த்துப் பேச முடிந்திருக்கும் என்று தெரியவில்லை.

அரசா, தனியாரா என்பது தனிக் கேள்வி, முழுதாக இங்கே தொடவில்லை. சிசேரியனை நினைத்துப் பயப்படுகிற பெண்களுக்காக மட்டும் ஒன்று. நான் சொன்ன அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் நூற்றுக்கு 36 சிசேரியன், தனியாரில் கிட்டத்தட்ட 64. ஆகவே ஊர் மாறும்போது அரசிலிருந்து தனியாருக்கும் மாறுகிறோமா என்பதையும் பாருங்கள். வேண்டிய நேரத்தில் செய்கிற சிசேரியன் உயிர் காக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. எனக்கு அது நடக்காததால் சிசேரியனுக்குப் பிறகு எந்த வீடு வசதி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. இரட்டைப் பிள்ளை பற்றியும் அப்படித்தான்.

அம்மா வீட்டுக்குத்தான் போவது என்று முடிவானால், வளைகாப்பு நாள் வரை காத்திருக்காமல் ஏழாம் மாதத்துக்குள் அந்த ஊர் டாக்டரிடம் ஒரு முறையாவது காட்டிவிட்டு வருவது நல்லது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றின் அசலும் தாய் சேய் நல அட்டையும் கையோடு போக வேண்டும். கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தருகிற பிக்மி எண் மாநிலம் முழுக்க ஒன்றுதான். ஊர் மாறுவதைச் செவிலியரிடம் சொல்லிவிட்டால் அங்கே தொடர்ந்து பதிவார்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும், கர்ப்பிணிகளுக்கான அரசின் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் வேண்டும். தேதி நாற்பது வாரக் கணக்கு என்றாலும் முப்பத்தேழு வாரத்துக்குப் பிறகு எப்போதும் வலி வரலாம், அதற்கு முன்னும் சிலருக்கு வருகிறது. ஒன்பதாம் மாதக் கடைசியில் பஸ்ஸில் குலுங்கிப் போவதை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ, வலி வரட்டும் என்று எந்த ஊரிலும் காத்திருக்கக் கூடாது.

தங்கைக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அவள் தேதி பங்குனியில், புயல் காலம் இல்லை. போரூரில் அவர்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அப்பாவுக்கு இப்போது முட்டி வலி, அவரைத் தனியாக விட்டுவிட்டு அம்மாவால் சென்னைக்கு வந்து இருக்க முடியாது. அவளைப் போகாதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேண்டுமானால் முப்பத்தாறாம் வாரம் தொடங்கும்போது அம்மாவும் அவளும் தஞ்சாவூருக்கு என் வீட்டுக்கு வந்துவிடட்டும், பிறந்து பத்து நாள் கழித்து ஊருக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள். நான் பின்னறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன்.